பொன்னில் முடிந்த ரிப்பன்

லா ஷாப்பேல்

பாரிஸின் வடக்கு ரயில் நிலையத்திலிருந்து ஃபோபூர் சான் தெனி தெருவழியே மேலே நடந்தால் கொஞ்ச தூரத்திலேயே கடைப் பலகைகள் தமிழுக்கு மாறிவிடுகின்றன. வாசலில் முருங்கைக்காய் அடுக்கிய மளிகைக் கடை, கண்ணாடிக்குப் பின்னால் பட்டுப்புடவை கட்டிய பொம்மைகள், கொத்து ரொட்டித் தகடு தட்டும் சத்தம். 1980களிலிருந்து ஈழத்தைவிட்டு வந்து சேர்ந்தவர்கள் உருவாக்கிய வட்டாரம் இது. பக்கத்திலேயே பஜோல் தெருவில் மாணிக்க விநாயகர் கோயில் இருக்கிறது. அதன் தேர்த் திருவிழாவன்று இந்தச் சாலைகளில் சிதறுதேங்காய் உடைவதைப் பார்க்கப் பிரெஞ்சுக்காரர்களும் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று தோழி சொன்னாள். அவள் வீட்டில்தான் தங்கினேன். காலையில் இடியப்பம், சொதி, கட்டைச் சம்பல். இரண்டாவது தட்டு கேட்காமலே வந்தது.

நான் தேடி வந்தது காக்டெயில் மோதிரம். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. அந்தக் காலத்து ரகசிய விருந்துகளில் பெண்கள் வலதுகையில் பெரிதாக அணிந்துகொண்ட மோதிரத்துக்கு இந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் சம்பந்தமில்லாதது. தனக்குப் பிடித்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பெண் போட்டுக்கொள்வது. அதிலும் எனக்கு வேண்டியது ‘போ’ வடிவம். பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைக்கு இரட்டைச் சடையை மடித்துக் கட்டி அம்மா முடியும் ரிப்பன் பூ இருக்கிறதே, அதையே பொன்னில் செய்தது. துணியின் நெகிழ்வை உலோகத்தில் கொண்டுவருவது பொற்கொல்லர் வேலையிலேயே கடினமான ஒன்று. அதை நன்றாகச் செய்த கைகளைத் தெரிந்துகொள்ளவேண்டும் என்ற ஆசை எனக்கு வெகுநாளாக உண்டு.

அந்தத் தெருவில் ஒரு நகைக்கடை வைத்திருக்கும் பெரியவரிடம் இதைச் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் பட்டறையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். கடைக் கண்ணாடிக்குள் முழுக்க 22 கேரட்: அட்டியல், நெளி மோதிரம், தாலிக்கொடி.

“பதினெட்டுக் கரட்டோ? தங்கச்சி, உதை நாளைக்கு விக்கப் போனா பவுணுக்குத்தான் காசு தருவினம். வேலைக்கு ஒருத்தரும் ஒரு சதமும் தரமாட்டினம்.”

“விக்கறதுக்கு இல்ல அண்ணா, வேலைப்பாட்டுக்காகத்தான்.”

அவர் தராசைத் துடைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “நானும் வேலைக்காரன்தான். உங்கட ஆசை எனக்கு விளங்குது. ஆனா இடம்பெயரேக்க எங்கட சனம் காப்பையும் சங்கிலியையும் வித்துத்தான் தப்பி வந்தது. அண்டைக்கு எங்களைக் காப்பாத்தினது வேலைப்பாடு இல்லை, நிறை.”

பயணம் முழுக்க இந்தப் பேச்சு என்கூடவே வந்தது. எடையைப் பார்த்து நகை வாங்குவதை நான் குறை சொல்ல நினைக்கும்போதெல்லாம் அந்தத் தராசு கண்முன் நின்றது.

சான் துவான்

நான்காம் எண் மெட்ரோவில் ஏறி, வரிசையின் வடக்குக் கோடியான போர்த் தெ க்ளின்யான்கூரில் இறங்கினால் நகரத்தின் எல்லை. நெடுஞ்சாலைப் பாலத்தின் அடியில் புகுந்து அந்தப் பக்கம் போனால் சான் துவான் பழம்பொருள் சந்தை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பாரிஸ் நகருக்குள் இடமில்லாமல் போன குப்பை பொறுக்குவோர் மதிலுக்கு வெளியே கடைவிரித்த இடம். இப்போது ஒரு சந்தைக்குள் பத்துப் பன்னிரண்டு சந்தைகள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனிக் குணம். பழமையானது வெர்நேசோன். கொடி படர்ந்த குறுகிய சந்துகள். ஒரு கடையில் பொத்தான்கள் மட்டும், அடுத்ததில் பொம்மைகளின் கண்கள் மட்டும். பிரோன் சந்தை பணக்காரத் தோற்றம் கொண்டது. நகைகள் இரண்டிலும் உண்டு.

தோழியின் மகள் பேச்சுத்துணைக்கு வந்தாள். ஒரு சின்னக் கடையில், எழுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி வெல்வெட் தட்டில் நாற்பது ஐம்பது மோதிரங்களைக் கால வரிசைப்படி செருகி வைத்திருந்தார். நான் ஒன்றை எடுத்து விரலில் மாட்டப்போனேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தி, மோதிரத்தை வாங்கிக் குப்புறத் திருப்பி, உருப்பெருக்கியோடு திரும்பக் கொடுத்தார். முகத்தைக் கடைசியில் பார்க்கலாம், முதலில் முதுகைப் பாருங்கள் என்றார். அடுத்த ஒரு மணி நேரம் அவரிடம் பாடம் படித்தேன்.

அது 1940களின் மோதிரம். தங்கம் சற்றே சிவந்த நிறம். செம்பு அதிகம் சேர்ந்த கலவை, அந்தப் பத்தாண்டின் அடையாளம். போரின்போது பிளாட்டினம் ஆயுதத் தொழிலுக்குப் போய்விட்டது. அமெரிக்காவில் 1942இல் அதை நகைக்குப் பயன்படுத்துவதற்கே தடை வந்தது. ஜெர்மானியர் பிடியிலிருந்த பாரிஸிலோ தங்கமும் கிடைக்கவில்லை. நகை செய்துகொள்ள விரும்பியவர்கள் தங்கத்தைத் தாங்களே கொண்டுவந்து கொடுக்கவேண்டியிருந்தது. வீட்டிலிருந்த பழைய காசையும் சங்கிலியையும் பத்தரிடம் கொண்டுபோவது நமக்குப் புதிதல்ல. வித்தியாசம், அந்தக் கொஞ்சத் தங்கத்தை வைத்து அவர்கள் என்ன செய்தார்கள் என்பதில் இருக்கிறது. இருப்பதைக் கொண்டு பெரிதாகக் காட்டவேண்டும். அதனால் தகட்டை மெல்லிசாக அடித்து, மடித்து, வளைத்து, உள்ளே வெற்றிடம் விட்டுச் செய்தார்கள். ரிப்பன் முடிச்சு அந்த வேலைக்கென்றே அமைந்த வடிவம். ரிப்பனும் உள்ளே காற்று நிற்கும் பொருள்தானே.

முதுகுப் பக்கத்தில் ரிப்பனின் இரண்டு வளையங்களும் குடைவாகத் தெரிந்தன. அந்தக் குடைவின் உள்விளிம்புகள்கூட அரம் போட்டு மழுக்கப்பட்டிருந்தன. விரலில் உரசாத இடம், யார் கண்ணுக்கும் படாத இடம். அங்கேயும் மெருகு. வால் நுனிகளில் பிளாட்டினத்தில் பதித்த பொடி வைரங்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் வெளிச்சம் புக ஒரு துளை, துளையைச் சுற்றி இழைவாளால் அறுத்த சின்னச் சதுரச் சட்டம். முடிச்சில் வரிசையாக ஐந்து சிவப்புக் கற்கள், இடைவெளியே தெரியாமல் ஒன்றோடொன்று ஒட்டி வெட்டப்பட்டவை. உருப்பெருக்கியைக் கிட்டக் கொண்டுபோனபோது கல்லுக்குள் வில்லாக வளைந்த மெல்லிய கோடுகள் தெரிந்தன. இயற்கை மாணிக்கத்தில் வளர்ச்சிக் கோடுகள் நேராக இருக்கும்; இப்படி வளைந்திருந்தால் செயற்கை. வெர்னுயி என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1902இல் வெளியிட்ட முறையில், தீச்சுடரில் பொடியை உருக்கிச் சொட்டுச் சொட்டாக வளர்த்த கல். கடைக்காரர் அதை மறைக்கவில்லை. அந்தக் காலத்தில் நல்ல பட்டறைகளே இதைத் தயங்காமல் பதித்தன. ஒரே நிறத்தில், ஒரே அளவில் வரிசை வேண்டுமென்றால் இதுதான் வசதி என்றார்.

பிறகு முத்திரை. வளையத்தின் வெளிப்புறத்தில், பார்த்தால் கீறல் என்றே நினைக்கத் தோன்றும் ஒரு புள்ளி, கண்ணாடிக்குக் கீழே கழுகின் தலையாக மாறியது. 18 கேரட் தங்கத்துக்கு 1838 முதல் பிரான்ஸ் குத்திவரும் முத்திரை அது. பிளாட்டினத்துக்கு 1912 முதல் நாய்த் தலை. வெளிநாட்டிலிருந்து வந்த தங்கத்துக்கு ஆந்தை. கழுகுக்குப் பக்கத்தில் இன்னொரு முத்திரை, சாய்சதுரம். அதற்குள் செய்தவரின் பெயரெழுத்துகளும் அவருக்கென்று ஒரு சின்னமும் இருக்கும். இந்த மோதிரத்தில் அது பாதி தேய்ந்துபோயிருந்தது. ஓர் எழுத்து மட்டும் படிக்க முடிந்தது, ‘பி’.

எங்கள் வீட்டு நகைகளை மனதுக்குள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். பாட்டியின் புளூ ஜாகர் தோடு, பெரியம்மாவின் வங்கி, அம்மாவின் கல் அட்டிகை. ஒன்றிலும் செய்தவர் பெயர் கிடையாது. பாதிக்கு மேல் இப்போது உருவத்திலேயே இல்லை. மகள் கல்யாணத்துக்கு, பேத்தி சடங்குக்கு என்று அவ்வப்போது கடைக்குப் போய், கல்லை எடுத்துவிட்டு, அழுக்கைக் கழித்துவிட்டு, உருக்கிப் புதிதாக மாறிவிட்டன. அவற்றைச் செய்ய ஒரு பத்தர் எத்தனை ராத்திரி விளக்கொளியில் கண்ணைச் சுருக்கியிருப்பார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கவேண்டிய கேள்வி அது என்று எனக்கு உறைத்தது இந்தத் தட்டின் முன்னால்தான்.

மதியம் அந்தப் பெண்மணி ரொட்டியும் ஆட்டுப்பால் சீஸும் பயறு சாலடும் எடுத்து வைத்து எங்களையும் உட்காரச் சொன்னார். கடைக்கு வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள், அவர் எழுந்திருக்கவில்லை. சாப்பிடும்போது விற்பதில்லை என்றார். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒருவர் சோற்றுக் கையோடு எழுந்து வந்து விலை சொல்வதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். இந்தக் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

“இறந்துபோனவர்களின் மோதிரம் என்று உங்கள் ஊரில் பயப்படுவார்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். யார் போட்டதோ, எந்தச் சூழ்நிலையில் கழற்றினார்களோ என்று தயங்குவார்கள். உருக்கிவிட்டால் அந்தத் தயக்கமும் உருகிவிடும் என்பது நம் வழக்கம். அவர் தன் கையிலிருந்த மோதிரத்தைக் காட்டினார். அது தன் குடும்பத்தில் யாருடையதும் அல்ல, இதே தட்டில் இருந்தது, விற்க மனம் வராமல் தானே போட்டுக்கொண்டது என்றார்.

மோதிரம் எட்டரை கிராம். அவர் சொன்னது 1,350 யூரோ, முடிந்தது 1,200. நம் பணத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டும். உருக்கினால் அதில் பாதிதான் தேறும். மீதிப் பாதி அந்தக் குடைவுக்குள் அரம் போட்ட கைக்கு. கொடுப்பதற்கு எனக்கு மனம் கோணவில்லை.

வாந்தோம் சதுக்கமும் லூவரும்

வாந்தோம் சதுக்கத்தின் பெரிய நகை மாளிகைகளைச் சுற்றியது ஒரு முற்பகல் பொழுது. 1928இல் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் தன் ரத்தினங்களைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து பூஷ்ரோனிடம் கொடுத்தது இங்கேதான். அதே சதுக்கத்தில் ஷோமே, அந்தக் கட்டிடத்தில்தான் 1849இல் இசைமேதை ஷோப்பான் இறந்தார். ஷோமேயின் இன்றைய நகைகளில் ரிப்பன் முடிச்சுக்கென்றே ‘இன்ஸொலான்ஸ்’ என்றொரு வரிசை உண்டு. கோகோ ஷனேல் 1932இல் நடத்திய ஒரே வைரநகைக் கண்காட்சியிலும் நட்சத்திரத்துக்கும் இறகுக்கும் பக்கத்தில் ரிப்பன் இருந்தது. சதுக்கத்தின் ஒரு கடையில் புதிய மோதிரம் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வைரம் இழைத்த ரிப்பன், முதுகுப் பக்கமும் குறையே இல்லாத வேலை. செய்தவர் யார் என்று கேட்டேன். எங்கள் பட்டறை என்று பதில் வந்தது. அதற்குமேல் பெயர் இல்லை.

லூவரில் அப்பல்லோ கூடத்துக்கு நேரே போனேன். பேரரசி யூஜெனியின் மார்பணி அங்கே இருந்தது: 1855இல் ஃபிரான்ஸ்வா க்ராமெர் செய்த வைர முடிச்சு. ஏறத்தாழ ஒரு சாண் நீளம். இரண்டு குஞ்சங்கள் தொங்க, நடுவே ஐந்து வைரச் சரங்கள் நீர் வடிவதாகச் சரிந்தன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வைரங்கள். ஆனால் நான் பார்த்துக்கொண்டே நின்றது ரிப்பனின் ஒரு மடிப்பை. துணி தன் பாரத்தில் எங்கே சரியுமோ சரியாக அங்கே அது சரிந்திருந்தது. 1887இல் பிரெஞ்சுக் குடியரசு முடியாட்சியின் நகைகளை ஏலம் விட்டபோது இது நாட்டை விட்டுப் போனது. 2008இல் லூவர் திரும்ப வாங்கியது. அந்த ஏலத்தில் போன பல நகைகள் கல்வேறு பொன்வேறாகப் பிரிந்துபோயின. இது முழுதாகத் திரும்பியதே பெரிது.

நான் பார்த்தது 2025 ஏப்ரலில். அதே ஆண்டு அக்டோபர் 19 ஞாயிற்றுக்கிழமைக் காலையில் திருடர்கள் ஏணி வண்டியில் ஏறி, ஜன்னலை அறுத்து, சில நிமிடங்களில் எட்டு நகைகளோடு போய்விட்டார்கள். அதில் இந்த முடிச்சும் ஒன்று. செய்தி கேட்டு இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை. உலகம் முழுக்க எல்லோரும் பயந்தது ஒன்றுக்குத்தான்: கல்லைப் பெயர்த்து, பொன்னை உருக்கிவிடுவார்களே என்று. அப்படிச் செய்தால் அது கொலை என்று எழுதினார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. கூடவே, எங்கள் தெருக் கடைகளில் தினமும் முறைப்படி ரசீது போட்டு நடக்கும் காரியத்துக்கு என்ன பெயர் வைப்பது என்ற கேள்வியும் வந்து உட்கார்ந்துகொண்டது.

லண்டன்

அதே ஏப்ரல் பயணத்தில், பாரிஸுக்குப் பிறகு, ஒரு சனிக்கிழமை போர்ட்டொபெல்லோ சாலை. தூறல், குடைகள், வறுத்த வெங்காய வாசனை. இங்கே மோதிரங்கள் அடக்கமானவை. விக்டோரியா காலத்து முடிச்சு மோதிரம் என்றால் சுண்டுவிரல் நகத்தளவு. நடுவில் ஒரு முத்து, இரு புறமும் பேரோசனைக் கல். 1854 முதல் 1932 வரை மட்டுமே புழங்கிய 15 கேரட் தரத்தில் சிலவற்றைப் பார்த்தேன். அந்த மஞ்சள் நம் கண்ணுக்குப் பழகிய மஞ்சளுக்கு இன்னும் கிட்டத்தில் வருகிறது. ஒரு கடையில் அமெரிக்கக் கண்ணாடிக்கல் மோதிரங்கள் தனித் தட்டில் இருந்தன. போரின்போது மலிவு உலோகங்களுக்கே தட்டுப்பாடு வந்ததால் ட்ரைஃபாரி போன்ற அலங்கார நகை நிறுவனங்கள் வெள்ளிக்கு மாறின. அதனால் அந்தச் சில ஆண்டுகளின் கவரிங் நகை, அதற்கு முந்தியதையும் பிந்தியதையும்விட உயர்ந்த உலோகத்தில் கிடைக்கிறது.

விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் நகைக்கூடத்தில்தான் இந்த வடிவத்தின் வேர் கிடைத்தது. பதினேழாம் நூற்றாண்டில் நகையை உடையோடு சேர்த்துக் கட்டவே ரிப்பன் பயன்பட்டது. பதக்கத்தின் தலைமாட்டில் ஒரு பட்டு முடிச்சு. நாளடைவில் பொற்கொல்லர்கள் அந்தப் பட்டையும் பொன்னிலேயே செய்துவிட்டார்கள். பாரிஸில் ஜில் லெகாரே 1663இல் வெளியிட்ட மாதிரிப் புத்தகத்தில் முடிச்சு வடிவங்கள் இருக்கின்றன. பிற்காலத்தவர் அந்த வகை மார்பணிக்குக் கடித இலக்கியத்தால் புகழ்பெற்ற மதாம் தெ செவீன்யேயின் பெயரை வைத்தார்கள். கட்டுவதற்கு உதவிய பொருள், கட்டப்பட்ட பொருளாகவே மாறியது. விரலுக்கு வருவதற்கு அதற்கு இன்னும் வெகுகாலம் ஆனது.

பர்மிங்காம்

ரயிலில் ஒன்றரை மணி நேரம். இறங்கினால் வேறு நாடு. செங்கல் கட்டிடங்கள், கரி படிந்த ஜன்னல்கள், வாசலில் நாலைந்து பெயர்ப் பலகைகள்: மெருகு, பதிப்பு, வார்ப்பு, செதுக்கு வேலை. நகைப் பேட்டை என்று அழைக்கப்படும் இந்தப் பகுதிக்கு வந்ததும் எனக்கு எங்கள் ஊர் கோயமுத்தூரில் நகைப் பட்டறைகள் இருக்கும் ராஜவீதிச் சந்துகளுக்குள் நுழைந்த நினைப்பு வந்துவிட்டது. ஒரு மோதிரம் நாலு வீட்டு வாசல் ஏறி இறங்கித்தான் இங்கேயும் முடிகிறது.

வைஸ் தெருவில் ஸ்மித் அண்ட் பெப்பர் என்ற பழைய பட்டறை அருங்காட்சியகமாக இருக்கிறது. 1899இல் தொடங்கி, 1981இல் வயதான உரிமையாளர்கள் ஓய்வுபெற்றபோது கதவைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். உள்ளே எல்லாம் போட்டது போட்டபடி கிடந்தது. ஆணியில் தொங்கும் மேலங்கி, தேநீர்க் கோப்பை, சுவர் நிறைய எஃகு அச்சுகள். மேசைகளில் வேலை செய்பவர் மடிக்கு நேராக ஒரு தோல் தொங்குகிறது. அரம் போடும்போது உதிரும் பொன் பொடி அதில் விழும். தரையைக் கூட்டிய குப்பையும் கை கழுவிய நீரும்கூட வீணாவதில்லை. அதிலிருந்தும் பொன் பிரித்தார்கள். ராஜவீதியில் விடியற்காலையில் பட்டறை வாசல் மண்ணைக் கூட்டி அள்ளி, தட்டில் நீர் விட்டு அலசும் பெண்களைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய கையசைவை இங்கே வழிகாட்டியாக வந்தவரிடம் செய்துகாட்டினேன். அவர் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

இரண்டு தெரு தள்ளி, மாடியில் ஓர் அறையில் முப்பது வயதுப் பெண் ஒருவர் தனியாக வேலை செய்கிறார். முன்பே எழுதிக் கேட்டிருந்தேன். ரிப்பன் முடிச்சு மோதிரம்தான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. கணினியில் வரைந்து மெழுகில் அச்செடுத்து வார்ப்பவர்கள்தான் இன்று அதிகம். இவரும் மற்ற நகைகளுக்கு அப்படிச் செய்கிறார். முடிச்சுக்கு மட்டும் செய்வதில்லை. கணினி இரண்டு பக்கத்தையும் ஒன்றாகப் போட்டுவிடுகிறது, ஒன்றாக இருந்தால் அது கட்டிய முடிச்சாக இருக்காது என்றார்.

மேசையில் பருத்தி நாடா ஒன்று கட்டிக் கிடந்தது. அதைப் பார்த்துப் பார்த்துத் தகட்டை வளைக்கிறார். 18 கேரட் தகடு, அரை மில்லிமீட்டருக்கும் குறைவான கனம். சுடர் காட்டிச் செந்நிறம் வந்ததும் நீரில் அமிழ்த்துகிறார், தங்கம் இளகிவிடுகிறது. மர உருளையில் வைத்து, கொம்புச் சுத்தியலால் தட்டி, ஒரு பக்க வளையத்தைக் கொஞ்சம் பெரிதாக விடுகிறார். வலதுகைக்காரர் முடிந்தால் ஒரு பக்கம் இறுகும், மறுபக்கம் தளரும். அதைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்றார். அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. பொன் ரிப்பனில் எந்த முடிச்சும் முடியப்படுவதில்லை. வளையம் தனி, வால் தனி. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு சின்னப் பட்டையைச் சுற்றிப் பற்றவைத்து, பற்றவைத்த தடத்தை அதன் அடியில் ஒளித்துவிடுகிறார்கள். நாம் முடிச்சு என்று பார்ப்பது, பொற்கொல்லர் தன் ஒட்டை மறைக்கும் இடம். சான் துவான் மோதிரத்தை அவரிடம் கொடுத்தேன். அவரும் முதலில் குப்புறத்தான் திருப்பினார். உருப்பெருக்கியில் வெகுநேரம் பார்த்துவிட்டு, ஐந்து கல் பதித்த அந்த முடிச்சுப் பட்டைக்கு அடியில் ஒட்டு எங்கே இருக்கிறது என்று தனக்கே தெரியவில்லை என்றார். தொழில் செய்பவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது.

அவருடைய மோதிரங்களின் உட்புறத்தில் மூன்று குத்துகள்: 750 என்ற தரம், 1773இல் தொடங்கிய பர்மிங்காம் சோதனை அலுவலகத்தின் நங்கூரம், அவருடைய பெயரெழுத்துகள். ஒரு கிராமுக்கு மேற்பட்ட எந்தத் தங்க நகையையும் இந்த நாட்டில் தங்கம் என்று சொல்லி விற்க வேண்டுமானால் இந்த மூன்றும் இருந்தாக வேண்டும். அவர் தன் முத்திரையைப் பதிவு செய்த நாளில், கல்லூரிச் சான்றிதழ் வாங்கிய நாளைவிட அதிகமாக அழுததாகச் சொன்னார்.

ராத்திரி பால்டி சாப்பிட்டேன். 1970களில் பாகிஸ்தானியர் இந்த ஊரில் உண்டாக்கிய சாப்பாடு. மெல்லிய எஃகுச் சட்டியில் தீ கொழுந்துவிட வதக்கி, அதே சட்டியோடு மேசைக்கு வருகிறது. கரண்டி கிடையாது, நான் ரொட்டிதான். கையால் சாப்பிட ஒரு ஊரே சம்மதித்திருப்பதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

கோயமுத்தூர்

ஊர் திரும்பிய வாரமே ராஜவீதிக்குப் பின்னால் இருக்கும் பத்தரிடம் போனேன். அறுபது வயதுக்காரர். அவர் அப்பா என் பாட்டிக்கு நகை செய்தவர். இப்போது பெரிய கடைகளுக்குக் கிராம் கணக்கில் கூலிக்கு வேலை செய்கிறார். மோதிரத்தைக் கையில் வைத்தேன். உரைகல்லை எடுக்கவில்லை; ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

“இது வார்ப்பு இல்லீங்க அம்மிணி. கையில அடிச்சது. பண்ணுனவரு அவசரப்படலீங்க.”

“இதே மாதிரி வேண்டாம்ங்க அண்ணா. நீங்க கட்டற முடிச்சா, உங்க கைக்கு வர்றபடி ஒண்ணு பண்ணித் தருவீங்களா?”

“பண்ணலாமுங்க. ஆனா கிராமுக்குக் கூலி போட்டா எனக்குக் கட்டாதுங்க. இது எடையில்லாத வேலை.”

நாள் கூலி என்றேன். எத்தனை நாள் ஆனாலும் சரி என்றேன். அவர் தலையாட்டினார். அடுத்ததைத் தயங்கித்தான் கேட்டேன்: உள்பக்கம் உங்கள் பெயரெழுத்தைக் குத்தித் தரவேண்டும். ஹால்மார்க்கில் தரமும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்க அடையாளக் குறியும் வரும். செய்தவருக்கு அதில் இடமில்லை. அதனால் தனியாக.

“எம்பேரா? நாப்பது வருசத்துல யாருமே கேட்டதில்லீங்களே.” ஊதுகுழலை மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். “அதுக்குக் குத்தூசி வேணுமுங்க. எஃகுல வெட்டோணும். எங்கப்பா பேருலயும் ‘ப’தான், எம்பேருலயும் ‘ப’தான். ஒரே எழுத்துப் போதும்.”

ஆடி முடிந்து வரச் சொன்னார். முன்பணம் வாங்கிக்கொள்ளவில்லை. குத்தூசிக்கு எஃகுக் கம்பி வாங்க மட்டும் முந்நூறு ரூபாய் கேட்டு வாங்கினார்.